பொடிக்காமல் பொடிப்பது

திருத்தங்கலைச் சுற்றியுள்ள பட்டாசு ஆபீஸ்களில் மருந்து கலக்கும் அறைக்கென்று தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. அறை சின்னது; மற்ற அறைகளிலிருந்து தள்ளி நிற்பது. இரும்புச் சாமான் உள்ளே வரக் கூடாது. மரம், பித்தளை, அலுமினியம்தான். செருப்புக் காலோடு நுழையக் கூடாது. சிந்திய மருந்தை மிதித்துத் தேய்ப்பது, சல்லடையைத் தரையில் இழுப்பது, காய்ந்ததைச் சுரண்டி எடுப்பது எல்லாம் பெரிய குற்றம். வெயில், இடி, மின்சாரம், பீடித் துண்டு என்று எதிரிகள் பலர் இருந்தாலும், வேலை செய்கிறவர் கையோடு கூடவே உள்ளே வந்துவிடும் எதிரி உராய்வு ஒன்றுதான்.

அந்த மருந்தில் உலோகத் தூள் இருக்கிறது. அது இல்லாமல் வெள்ளை வெளிச்சம் கிடையாது. கம்பி மத்தாப்பின் வெள்ளிப் பொறிக்கு அலுமினியம், பொன்னிறப் பொறிக்கு இரும்பு, வானத்தில் போய்ச் சிதறும் ரகங்களில் கண்ணைக் கூசவைக்கும் வெண்மைக்கு மக்னீசியம் அல்லது அலுமினியமும் மக்னீசியமும் கலந்த மக்னேலியம். திருமங்கலத்தில் உலோகத் தூள் செய்யும் ஆலை இருக்கிறது. அந்த மெட்டல் பவுடர் கம்பெனியின் சுருக்கப் பெயரோடுதான் 1984-இல் சிவகாசிப் பக்கம் மெப்கோ ஸ்லெங்க் பொறியியல் கல்லூரி தொடங்கியது. கரிசல் காட்டில் உலோகவியல் வேர்விட்டது பட்டாசுக்கான தூளின் வழியாக என்று சொன்னால் மிகையாகாது.

ஆக, இந்த வட்டாரத்தில் மக்னீசியத் தூளும் உராய்வும் சந்திக்கவே கூடாதவை. இந்த அத்தியாயமோ மக்னீசியத்தையும் உராய்வையும் வேண்டுமென்றே சேர்த்துவைக்கும் ஒரு முறையைப் பற்றியது. எஃகு முளையொன்றை மக்னீசியக் கலவைத் தகட்டுக்குள் அழுத்தி, நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று, அதற்கு மேலும் சுழற்றி, அந்த உராய்வின் சூட்டிலேயே உலோகத்தை இளக்கிக் கிளறுகிறார்கள். உராய்வுக் கிளறல் என்று இதற்குப் பெயர். தீப்பிடிப்பதில்லை. உலோகம் உருகுவதுகூட இல்லை. ஆறிய பிறகு பார்த்தால் கிளறிய பாதை பெரும்பாலும் முன்பைவிடக் கடினமாகியிருக்கிறது. ‘பெரும்பாலும்’ என்று ஏன் இழுக்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் தீயின் கணக்கு. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள மக்னீசியக் கட்டியை எடுத்துக்கொள்வோம். ஆறு முகங்கள், காற்றைத் தொடும் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். இதன் விளிம்பில் தீக்குச்சியைக் காட்டினால் ஒன்றும் ஆகாது. மக்னீசியம் சூட்டை வேகமாக உள்ளே இழுத்துப் பரப்பிவிடும். கட்டியாக இருக்கும் மக்னீசியம் எரியத் தொடங்க, அதன் உருகுநிலையான 650 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடேற வேண்டும். இப்போது அதே கட்டியை 10 மைக்ரான் பக்கமுள்ள துகள்களாக நொறுக்குங்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நூறு கோடித் துகள்கள் கிடைக்கும். எடை அதேதான், ஆனால் பரப்பு ஆயிரம் மடங்காகி 6,000 சதுர சென்டிமீட்டர் ஆகிவிடும். ஒவ்வொரு துகளும் சூட்டைக் கடத்திவிட இடமின்றிக் காற்றின் நடுவே தனித்து நிற்கிறது. சிறு பொறி போதும்.

பொருள் மாறவில்லை, அளவு மட்டுமே மாறியது. அதுவே குணத்தை மாற்றிவிட்டது. இதே கணக்கைக் கட்டியை உடைக்காமல், அதன் வயிற்றுக்குள்ளேயே போட முடியுமா என்பதுதான் உராய்வுக் கிளறல் கேட்கும் கேள்வி.

முடியும். காரணம், எந்த உலோகக் கட்டியும் உள்ளுக்குள் ஏற்கெனவே துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. உருகிய உலோகம் உறையும்போது பல புள்ளிகளில் படிகங்கள் முளைத்து, வளர்ந்து, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குறுமணி. குறுமணிக்குள் அணுக்கள் ஒரே திசையில் வரிசை பிடித்து நிற்கும். பக்கத்துக் குறுமணியில் வரிசை வேறு திசை. இரண்டும் சந்திக்கும் எல்லையில் ஒழுங்கு முறிகிறது. தகட்டின் முகத்தை வழவழப்பாக மெருகேற்றி, லேசான அமிலக் கலவையால் துடைத்து நுண்ணோக்கியில் வைத்தால் இந்த எல்லைகள் கறுப்புக் கோடுகளாகத் தெரியும்.

ஓர் உலோகம் வளைவதும் நசுங்குவதும் அணுத்தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவதால். சறுக்கலைச் சுமந்து செல்பவை அணுவரிசையில் உள்ள பிசகுக் கோடுகள். உலோகவியலார் அவற்றை டிஸ்லொகேஷன் என்பார்கள். ஒரு குறுமணிக்குள் ஓடிவரும் பிசகு, எல்லையைத் தொட்டதும் திணறி நிற்கிறது. அடுத்த குறுமணியில் பாதை வேறு திசை. எல்லைகள் எவ்வளவு நெருக்கமோ, பிசகுக்கு அவ்வளவு முட்டுக்கட்டை. இதை முதலில் எண்களாக்கியவர்கள் இங்கிலாந்தில் ஆய்வு செய்த ஹாலும் பெட்சும். 1951-இலும் 1953-இலும் தனித்தனியே எழுதினார்கள். அவர்கள் பார்த்தது எஃகு. விதி எளிது: வலிமையில் எல்லைகளால் வரும் பங்கு, குறுமணி விட்டத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். விட்டம் நான்கில் ஒன்றானால் அந்தப் பங்கு இரட்டிப்பாகும்.

மக்னீசியத்துக்கு இந்த விதி கூடுதலாகவே பலன் தருகிறது. அலுமினியத்தின் படிகம் கனசதுர அமைப்பு. சறுக்க 12 வழிகள் உண்டு. மக்னீசியத்தின் படிகம் அறுகோண அடுக்கு. சிவகாசி அச்சகங்களில் வெட்டுவதற்கு அடுக்கிவைத்த காலண்டர் தாள்கட்டைப் பக்கவாட்டில் தள்ளினால் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். அதே கட்டை மேலிருந்து அழுத்தினால் அசையாது. அறுகோணப் படிகத்தில் அடித்தளம் எனப்படும் அணுத்தளங்கள் அந்தத் தாள்களைப் போன்றவை. சாதாரண வெப்பநிலையில் எளிதாகச் சறுக்குவது அந்த ஒரே தளத்தில்தான். அதில் ஒன்றையொன்று சாராத வழிகள் இரண்டே. ஒரு குறுமணி பக்கத்துக் குறுமணிகளோடு ஒட்டிக்கொண்டே எல்லா விதமாகவும் உருமாற ஐந்து வழிகள் வேண்டும். இதனால்தான் மக்னீசியத் தகட்டைச் சூடாக்காமல் மடித்தால் விரிசல் விடுகிறது. இதனால்தான் குறுமணி எல்லை ஒவ்வொன்றும் இதில் பெரிய தடையாகிறது.

மக்னீசியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.74 கிராம், அலுமினியம் 2.7, இரும்பு 7.87. கட்டமைப்புக்கு உதவும் உலோகங்களில் இதைவிட லேசானது இல்லை. கார், விமானம், கேமரா என்று எங்கெல்லாம் எடை குறைய வேண்டுமோ அங்கெல்லாம் இதன்மேல் ஒரு கண் உண்டு. தமிழ்நாட்டுக்கும் பழைய உறவுதான்: சேலத்தின் வெள்ளைக் குன்றுகள் மாக்னசைட் தாது, காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடையால் எழுந்து 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உருகிய மக்னீசியம் குளோரைடிலிருந்து மின்சாரத்தால் இந்த உலோகத்தைப் பிரிக்கும் வழியில் நெடுங்காலம் உழைத்தது.

இனி கருவி. உராய்வுக் கிளறலின் தாய், உராய்வுக் கிளறல் பற்றவைப்பு. 1991-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகே உள்ள வெல்டிங் ஆய்வு நிறுவனத்தில் வேய்ன் தாமஸும் உடனிருந்தவர்களும் கண்டுபிடித்தது. இரண்டு தகடுகளை விளிம்போடு விளிம்பு வைத்து, சுழலும் முளையை நடுவே இறக்கி நகர்த்தினால் உருகாமலேயே ஒட்டிக்கொள்கின்றன. பற்றவைத்த இடத்தில் குறுமணிகள் மிக நுண்ணியவையாக மாறியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு ஒரு யோசனை: ஒட்டுவதற்கு எதுவும் இல்லாமலே ஒற்றைத் தகட்டை இப்படிக் கிளறினால் என்ன? அமெரிக்காவில் ராஜீவ் மிஸ்ரா, முர்ரே மஹோனி குழுவினர் 1999-இல் ஓர் அலுமினியக் கலவையில் அதைச் செய்து காட்டினார்கள். அதன் பிறகு மக்னீசியத்துக்கு வர அதிக காலம் ஆகவில்லை.

கருவிக்கு இரண்டே உறுப்புகள். அகன்ற தட்டையான தோள். அதன் நடுவிலிருந்து நீளும் சிறு முளை. முளை தகட்டுக்குள் இறங்கும்; தோள் மேற்பரப்பை அழுத்தித் தேய்க்கும். சூட்டில் பெரும்பங்கு தோளிலிருந்து வருகிறது. கிளறுவது முளையின் வேலை. மக்னீசியம் மிருதுவானது என்பதால் எஃகுக் கருவியே போதும். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் செங்குத்து மில்லிங் மெஷினிலேயே கருவியை மாட்டி இந்த ஆய்வைச் செய்துவிடுகிறார்கள்.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பொருள் இணைப்பு ஆய்வு மையத்தில் பத்மநாபனும் பாலசுப்பிரமணியனும் 2009-ஐ ஒட்டி வெளியிட்ட ஆய்வுகள் நல்ல அளவுகோல். அவர்கள் எடுத்தது ஏஇசட்31பி என்ற கலவை: சுமார் 3 சதவீதம் அலுமினியம், 1 சதவீதம் துத்தநாகம், மீதி மக்னீசியம். பல வடிவ முளைகள், பல தோள் அகலங்கள், பல கருவிப் பொருட்கள் என்று மாற்றி மாற்றிப் பற்றவைத்துப் பார்த்ததில், உயர்கரிம எஃகில் செய்த, மரையிட்ட முளையும் 18 மில்லிமீட்டர் தோளும் கொண்ட கருவி முன்னுக்கு வந்தது. நிமிடத்துக்கு 1,600 சுற்று, நொடிக்கு 0.67 மில்லிமீட்டர் நகர்வு, 3 கிலோநியூட்டன் அழுத்தம். இந்த எண்களோடு கொஞ்சம் விளையாடலாம். தோளின் விளிம்பு நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் தேய்க்கிறது. ஆனால் கருவி முன்னேறுவது ஒரு சுற்றுக்கு வெறும் 25 மைக்ரான். உலோகத்தின் ஒவ்வொரு துணுக்கும் முளையைக் கடந்து போவதற்குள் பலமுறை இழுபட்டு, மடிந்து, பிசைபட்டுவிடுகிறது. மேலே ஏறத்தாழ 300 கிலோ பாரம்.

உள்ளே என்ன நடக்கிறது? வெப்பநிலை 400, 450 டிகிரியை எட்டலாம், உருகுநிலைக்குக் கீழேதான். அந்தச் சூட்டில் மக்னீசியத்தின் மற்றச் சறுக்குத் தளங்களும் விழித்துக்கொள்கின்றன. அறை வெப்பநிலையில் முறைத்துக்கொண்டு நின்ற உலோகம் வளைந்துகொடுக்கிறது. இழுபட இழுபடப் பழைய குறுமணிகளுக்குள் பிசகுகள் கோடிக்கணக்கில் பெருகி நெருக்கியடிக்கின்றன. இந்த நெரிசலைப் படிகம் நெடுநேரம் தாங்காது. எல்லைகளின் ஓரத்தில் பிசகுகள் இல்லாத புதுக் குறுமணிகள் பிறந்து பழையதைத் தின்னத் தொடங்குகின்றன. மறுபடிகமாதல் என்று இதற்குப் பெயர். பொதுவாக உலோகத்தை முதலில் உருட்டி, பிறகு உலையில் வைத்து இதை வரவழைப்பார்கள். இங்கே பிசைவதும் பிறப்பதும் ஒரே நேரத்தில், சில நொடிகளில். ஆகவே பழைய குறுமணிகள் ‘உடைந்து’ சிறியவை ஆகின்றன என்று சொல்வது பாதி உண்மைதான். பெரும்பகுதி புதிதாகப் பிறந்தவை.

சென்னை ஐஐடியில் சம்பத்குமார், உதய் சக்கிங்கல், முகேஷ் டோபிள் ஆகியோரோடு ரத்ன சுனில் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் ஏஇசட்31 தகட்டின் குறுமணி சுமார் 56 மைக்ரானிலிருந்து 4 மைக்ரானுக்கு இறங்கியது. நமது பழைய கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். குறுமணிகளைக் கனசதுரமாக வைத்துக்கொண்டால், ஒரு கன மில்லிமீட்டருக்குள் முன்பு சுமார் 5,700 குறுமணிகள். கிளறிய பிறகு 1 கோடியே 56 லட்சம். உட்புற எல்லைகளின் பரப்பு 14 மடங்கு. கட்டி கட்டியாகவே இருக்கிறது, காற்று உள்ளே புகவில்லை, ஒரு துகள்கூடத் தனியே விழவில்லை; ஆனால் உள்ளே தூள் அறையின் கணக்கு நடந்து முடிந்துவிட்டது. வெளிப்பரப்பைப் பெருக்கினால் தீ. உட்பரப்பைப் பெருக்கினால் உறுதி.

ஹால், பெட்ச் விதிப்படி, எல்லைகள் தரும் பங்கு மூன்றே முக்கால் மடங்கு உயர வேண்டும். அதற்காகக் கடினத்தன்மையும் மூன்றே முக்கால் மடங்காகிவிடாது. எல்லைகளே இல்லாவிட்டாலும் உலோகத்துக்கென்று ஓர் அடிப்படை எதிர்ப்பு உண்டு; எல்லைகளின் பங்கு அதன்மேல் சேர்வது. இன்னொன்று: குறுமணி எங்கே பிறக்கிறதோ அங்கேயே சூடும் இருக்கிறது. சூட்டில் புதுக் குறுமணிகள் வளரும். சுழற்சியைக் கூட்டினால் பிசைவது வேகமாகிறது, அது குறுமணியைச் சிறிதாக்கும். கூடவே வெப்பமும் ஏறுகிறது, அது பெரிதாக்கும். பெரும்பாலும் வெப்பமே ஜெயிக்கிறது. அதிகம் கிளறினால் அதிகக் கடினம் என்று நினைத்து வேகத்தைக் கூட்டுகிறவருக்குக் கிடைப்பது மிருதுவான தகடு. ஏற்கெனவே நன்றாக உருட்டப்பட்ட நுண்குறுமணித் தகட்டை எடுத்துச் சூடாகக் கிளறினால் கடினத்தன்மை ஏறாமலே போகலாம், இறங்கவும் செய்யலாம்.

இதற்குத் தைவானில் சாங், டு, ஹுவாங் என்ற மூவர் 2007-இல் காட்டிய வழி நேரடியானது: சூட்டை உடனுக்குடன் உறிஞ்சிவிடுவது. திரவ நைட்ரஜனால் குளிர்வித்துக்கொண்டே ஏஇசட்31-ஐ ஒரே ஒரு முறை கிளறினார்கள். 75 மைக்ரானாக இருந்த குறுமணி 100 முதல் 300 நானோமீட்டருக்கு வந்தது. விக்கர்ஸ் கடினத்தன்மை 50-இலிருந்து 120. வைர முனையை அறியப்பட்ட பாரத்தால் அழுத்தி, பதியும் சதுரக் குழியின் மூலைவிட்டத்தை அளந்து பெறும் எண் இது. குழி சிறிதென்றால் எண் பெரிது.

ஏஇசட்91 என்ற வார்ப்புக் கலவையில் கதை வேறு மாதிரி போகிறது. இதில் 9 சதவீத அலுமினியம். அவ்வளவையும் மக்னீசியம் தன்னுள் கரைத்துவைத்துக்கொள்ள முடியாததால், 17 மக்னீசியத்துக்கு 12 அலுமினியம் என்ற விகிதமுள்ள ஒரு சேர்மம் பிரிந்து, குறுமணிகளைச் சுற்றி வலைபோல உறைகிறது. கடினமானது, ஆனால் நொறுங்குவது. விரிசல் அந்த வலையைப் பிடித்துக்கொண்டே ஓடும். வழக்கமான வைத்தியம், தகட்டை 413 டிகிரியில் 16 மணி நேரத்துக்குக் குறையாமல் உலையில் வைத்து அதைக் கரைப்பது. கிளறும் முளை வலையைச் சிதைத்து, பெரும்பகுதியைச் சில நொடிகளில் கரைத்துவிடுகிறது. உலோகத்தைப் பிசைவதால் அணுக்கள் கலக்க வேண்டிய தூரம் சுருங்கிவிடுவதே காரணம். வார்ப்பில் இருந்த நுண்துளைகளும் அடைபடுகின்றன. பிறகு சுமார் 170 டிகிரியில் பல மணி நேரம் வைத்தால், கரைந்த அலுமினியம் மீண்டும் அதே சேர்மமாக, ஆனால் இம்முறை நுண்ணிய துணுக்குகளாகக் குறுமணிகளுக்கு உள்ளேயே படிந்து கடினத்தன்மையை இன்னும் ஏற்றுகிறது. என்னைக் கேட்டால், உராய்வுக் கிளறல் மக்னீசியத்துக்குச் செய்யும் பெரிய உதவி ஏஇசட்31-இன் குறுமணிக் குறைப்பைவிட இதுதான். வார்ப்பு நொறுங்கும் இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து மருத்துவம் பார்க்க முடிகிறது.

கடினத்தன்மை எண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம், அந்தக் காலண்டர் தாள்கட்டு. முளை சுழலும்போது பிறக்கும் குறுமணிகள் கண்டபடி திரும்பி நிற்பதில்லை. அவற்றின் அடித்தளங்கள் முளையின் மேற்பரப்பை ஒட்டி, அதைச் சுற்றி வளைந்து வரிசை பிடிக்கின்றன. ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தினர் 2003-இல் ஏஇசட்61-இல் இதை விரிவாகப் படமெடுத்தார்கள். எல்லாத் தாள்களும் ஒரே சாய்வில் நிற்கும் இடத்தில் அதற்கேற்ற திசையில் இழுத்தால், நுண்குறுமணி இருந்தும் உலோகம் எளிதில் வழுக்கிவிடும். கிளறிய பகுதியும் கிளறாத பகுதியும் சந்திக்கும் ஓரத்திலேயே அறுந்துபோகிறது. வைர முனையின் குழிக்கு இது சரியாகத் தெரியாது. இழுவைச் சோதனைதான் காட்டிக்கொடுக்கும். ஒரே ஓர் உச்ச எண்ணோடு நின்றுவிடும் ஆய்வு அறிக்கையைவிட, குறுக்கு வெட்டில் மில்லிமீட்டருக்கு மில்லிமீட்டர் எடுத்த கடினத்தன்மை வரைபடமும் பக்கத்திலேயே இழுவைச் சோதனையும் உள்ள அறிக்கைக்கு நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

தீயைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கிளறப்படும் தகடு பற்றாது. சூடு உருகுநிலையைத் தொடுவதில்லை, அடியில் உள்ள எஃகுப் பலகையும் சுற்றியுள்ள உலோகமும் அதை இழுத்துக்கொள்கின்றன, இளகிய பகுதியைத் தோள் மேலிருந்து மூடியிருக்கிறது. ஆனால் தோளின் ஓரத்தில் பிதுங்கும் மெல்லிய பிசிறும், பிறகு மாதிரிகளை அறுத்து மெருகேற்றும்போது விழும் தூளும் வேறு சாதி. அவை மீண்டும் பட்டாசு ஆபீஸின் கணக்குக்குள் வந்துவிடுகின்றன. மக்னீசியத் தூளில் பற்றிய தீயின்மேல் தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பி நிலைமை மோசமாகும். உலர்ந்த மணல்தான் துணை. இது சிவகாசிப் பக்கத்து மாணவருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஐஐடி ஆய்வு 4 மைக்ரானோடு நிற்கவில்லை. தகட்டில் ஹைட்ராக்சிஅபடைட்டின் நானோத் தூளை வைத்துக் கிளறினார்கள். நம் எலும்பிலும் பல்லிலும் உள்ள கால்சியம் பாஸ்பேட் கனிமம் இது. குறுமணி 2 மைக்ரானுக்கு இறங்கியது. ஒரு கன மில்லிமீட்டருக்கு 12 கோடியே 50 லட்சம். எல்லைகள் நகர்ந்து குறுமணி வளரப் பார்க்கும்போது துகள்கள் குறுக்கே நின்று தடுக்கின்றன. அவர்கள் தேடியது கடினத்தன்மையை அல்ல. முறிந்த எலும்பைப் பிடித்துவைக்க இன்று டைட்டானியமும் துருப்பிடிக்காத எஃகும் பயன்படுகின்றன. எலும்பு கூடியபின் சிலவற்றை எடுக்க இன்னோர் அறுவை தேவைப்படுகிறது. மக்னீசியத்தில் செய்தால் உடலின் நீரிலேயே மெல்ல அரித்துக் கரைந்துவிடும். தொல்லை என்னவென்றால், அது அவசரப்படுகிறது: எலும்பு கூடுவதற்கு முன்பே கரைந்து, ஹைட்ரஜன் குமிழிகளையும் விட்டுச்செல்கிறது. கிளறிய, கனிமம் கலந்த மேற்பரப்பில் உடல்நீரை ஒத்த கரைசலிலிருந்து கால்சியம் பாஸ்பேட் படிந்து அரிப்பின் வேகத்தை மட்டுப்படுத்தியது.

அதை அறுவை அரங்குக்குக் கொண்டுபோவதற்கு முன் தீர்க்க வேண்டியவை உண்டு. ஒரு முறை கிளறினால் கிடைப்பது சில மில்லிமீட்டர் அகலப் பாதை. தகடு முழுக்க வேண்டுமென்றால் பாதைகளை ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி போட வேண்டும். ஒவ்வொரு புதுப் பாதையும் பக்கத்துப் பழைய பாதையைச் சூடாக்கி அதன் குறுமணிகளைக் கொஞ்சம் வளரவிடும். கடினத்தன்மை வரைபடம் மேடு பள்ளமாக ஏறி இறங்கும். அரிப்பும் அந்த மேடு பள்ளத்தைப் பின்பற்றக்கூடும். ஏஇசட்31-இல் உள்ள அலுமினியம் உடலுக்குள் கரைவதை மருத்துவர்கள் விரும்புவதில்லை. அதனால் துத்தநாகமும் கால்சியமும் மட்டும் சேர்த்த மக்னீசியக் கலவைகளையும் இதே முளையின் கீழ் வைத்துப் பார்க்கிறார்கள்.